மூங்கிலை நீட்டிய பன்னாலால் கோஷ்

நம் விடுதிகளில் இந்நாளில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. பேஸ் கிதார் வாசிப்பவனுக்கு எஃபெக்ட்ஸ் பெடல் வேண்டுமா, வேண்டாவா என்பதே அது. விரலில் இல்லாத இசை காலடிப் பெட்டியில் இருந்து வந்துவிடுமா என்று ஒரு சாரார் கேட்கின்றனர். கருவி என்பதே கையின் நீட்சிதானே, பெட்டி அதன் இன்னொரு நீட்சி என்று மற்றொரு சாரார் விடை இறுக்கின்றனர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பார் பெட்டி ஏதுமின்றித் தம் பேஸ் கிதாரை நேரே ஒலிப்பதிவு மேசையில் செருகி வாசித்ததை முதல் சாரார் சான்று காட்டுவர். பூட்சி காலின்ஸ் பெட்டியைக் கொண்டே புதிய ஒலி கண்டதை மற்றவர் எடுத்துக் கூறுவர். வழக்கு நள்ளிரவு வரை நீளும். பக்கத்து அறையினர் கதவைத் தட்டிய பிறகே அடங்கும்.

தீர்ப்புக் கூற நான் வாசிப்பவன் அல்லன், கேட்பவன். ஆனால் இதே வழக்கு, மின்சாரமும் பெடலும் இல்லாமலே, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இதே நகரில் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் களமாகக் கொண்டு நடந்தது. தாழ்ந்த சுரங்களை நாடி அலைந்தவர் அவர். தம் கருவியை எவ்வளவு மாற்றலாம், அதனுடன் எவ்வளவு சேர்க்கலாம் என்று வாழ்நாள் முழுதும் சோதித்துப் பார்த்தவர். அவரே புல்லாங்குழல் வித்தகர் பன்னாலால் கோஷ்.

பன்னாலால் 1911ஆம் ஆண்டு, கிழக்கு வங்காளத்தின் பரிசாலில் பிறந்தார். அது இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்த ஊர். அமல் ஜோதி என்பது இயற்பெயர். பன்னாலால் என்பது செல்லப்பெயர். செல்லப்பெயரே உலகறிந்த பெயராகிவிடுவது வங்காளத்தில் புதிதன்று. தந்தை அட்சய குமார் கோஷ் சிதார் வாசிப்பவர். தாயும் பாடத் தெரிந்தவர். மகன் முதலில் கற்றதும் சிதாரே. குழல் அவர் கைக்கு வந்த விதம் பற்றிக் கதைகள் உண்டு. ஆற்றில் மிதந்து வந்த குழல் ஒன்றை ஒன்பது வயதில் எடுத்தார் என்பது ஒரு கதை. துறவி ஒருவர் தந்து சென்றார் என்பது மற்றொன்று. பரிசால் ஆறுகளின் நாடு. படகோட்டியின் இடுப்பிலும் மாடு மேய்ப்பவன் கையிலும் குழல் இருந்த நாடு. அங்கே ஒரு சிறுவன் குழலைக் கண்டெடுக்கத் துறவி வேண்டுமா என்ன?

இளமையில் அவருக்கு உடற்பயிற்சியில் பெரும் பற்று. குத்துச்சண்டை பழகினார். விடுதலை வேட்கை கொண்ட வங்க இளைஞர்கள் பலர் அந்நாளில் உடற்பயிற்சிக் கூடங்களில் கூடினர். பன்னாலாலும் அவர்களுள் ஒருவர். பின்னாளில் முப்பத்திரண்டு அங்குலக் குழலுக்கு ஊதிய மூச்சு இக்கூடங்களில் வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பிழைப்புத் தேடி அவர் கல்கத்தா வந்தபோது இருபது வயதுகூட நிரம்பவில்லை. பேசாப் படங்களின் காலம் அது. திரையில் படம் ஓட, கீழே இசைக்குழு அமர்ந்து வாசிக்கும். அக்குழுக்களில் பன்னாலால் குழல் ஊதினார். பின்னர், 1931இல் தோன்றிய நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில், ராய்சந்த் போராலின் இசைக்குழுவில் இடம் கிடைத்தது. இங்கேதான் அவருக்கு அந்தக் குறை உறுத்தத் தொடங்கியது.

அந்நாளைய வடநாட்டுக் குழல் சிறியது. ஒலி கீச்சென்று உயர்ந்தது. திருவிழாவிலும் நாட்டுப்பாடலிலும் அதற்கு இடம் இருந்தது. ஆனால் ஒரு காயகர் தம்பூராவை மீட்டிக்கொண்டு, மந்தர சுரங்களில் மெல்ல மெல்ல இறங்கி, அங்கே நெடுநேரம் நின்று இராகத்தைக் கட்டுகிறாரே, அந்த ஆலாபனைக்குச் சிறு குழலில் இடம் இல்லை. இறங்க வேண்டிய படிக்கட்டே அதில் கிடையாது. கச்சேரி மேடையில் சிதாரும் சரோதும் வீற்றிருக்க, குழல் வாயிலில் நின்றது இதனால்தான்.

குழலின் நீளம் இரட்டித்தால் ஒலி ஒரு தாயி கீழே இறங்கும். இது இயற்பியல் மாணவர் அறிந்தது. ஆனால் நீளம் இரட்டித்தால் துளைகளின் இடைவெளியும் ஏறக்குறைய இரட்டிக்கும். நம் விரல்களோ இரட்டிப்பதில்லை! துளைகளும் பெரிதாகும், அவற்றை விரல் நுனியால் மூட இயலாது. மூச்சும் மிகுதியாகச் செலவாகும். பன்னாலால் முன் நின்ற சிக்கல் இதுவே.

அவர் செய்த சோதனைகள் பல. கல்கத்தாவில் பொம்மை விற்றுத் திரிந்த முதிய இசுலாமியர் ஒருவர் குழல் செய்வதிலும் வல்லவர் என்றும், அவர் துணையுடன் பன்னாலால் பல பொருள்களில் குழல் செய்து பார்த்தார் என்றும் அவர் வரலாற்றில் வருகிறது. உலோகத்தில் செய்து பார்த்தார். வேறு மரங்களில் செய்து பார்த்தார். கடைசியில் வந்து சேர்ந்த இடம் மூங்கிலே.

இதைப் படிக்கும் தமிழ் மாணவருக்குச் சிலப்பதிகார உரை நினைவுக்கு வராமல் இராது. அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், குழல் செய்யத் தக்க பொருள்களாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்தைக் கூறி, அவற்றுள் மூங்கிலையே முதன்மையாக வைக்கிறார். குழலின் நீளம் இருபது விரல் என்றும் அளவு தருகிறார். பன்னாலால் அவ்வுரையைப் படித்திருக்க வழியில்லை. பொருளில் அவரும் நம் உரையாசிரியரும் ஒரே முடிவுக்கு வந்தனர். நீளத்தில் மட்டும் அவர் உரையாசிரியரை விட்டு வெகுதூரம் சென்றுவிட்டார்.

முடிவாக அமைந்த குழலின் நீளம் முப்பத்திரண்டு அங்குலம். ஆர்மோனியத்தின் இரண்டாம் கறுப்புக் கட்டையே அதன் ஆதார சட்சம். நம்மூர்க் கணக்கில் சொன்னால் இரண்டரைக் கட்டை. வடநாட்டு மேடையில் இன்று நாம் காணும் நீளக் குழல் இதன் வழி வந்ததே.

அத்துடன் அவர் நிற்கவில்லை. ஆறு துளைகளையும் மூடினால் குழல் மந்தரப் பஞ்சமத்தோடு நின்றுவிடும். ஆனால் யமன் போன்ற இராகங்களுக்கு (நம் கல்யாணியை எண்ணிக்கொள்ளுங்கள்) பிரதி மத்தியமம் உயிர் போன்றது. ஆகவே கீழே ஏழாவதாக ஒரு துளை இட்டார். அதைச் சுண்டுவிரல் மூடும். மூடினால் பஞ்சமத்திற்குக் கீழே பிரதி மத்தியமம் பிறக்கும். கையை இவ்வாறு விரித்துப் பிடித்துக்கொண்டு விரைவான தானங்களையும் வாசிப்பது எளிதன்று. இந்த ஒரு துளைக்காக அவர் சுண்டுவிரல் எத்தனை மாதம் நோவு கண்டிருக்கும்!

இதற்கும் கீழே போக விரும்பினார். நாற்பது அங்குல அளவில் இன்னொரு குழலைச் செய்தார். அதற்கு நான்கே துளைகள். வேகமான வாசிப்புக்கு அது பயன்படாது. ஆலாபனையில் மந்தரத்திற்கும் கீழே இறங்கிச் சில சொற்றொடர்களைச் சொல்லிவிட்டு வருவதற்கே அது. இன்றைய பேஸ் கிதார்க்காரர் ஒரு தாயி கீழே இறங்க ஆக்டேவ் பெடலை மிதிக்கிறாரே, அவ்வேலையை இம்மனிதர் இன்னொரு மூங்கிலைக் கொண்டு செய்தார். பின்னணிக்கு ஆறு தந்தித் தம்பூராவும், உச்ச சுருதியில் ஒலிக்கும் சிறிய தம்பூரியும், சுருதிப் பெட்டியும் மேடைக்கு வந்தன. அவருடைய மேடை, அக்காலத்து அளவில், பெட்டிகள் நிறைந்த மேடைதான்!

இவ்வளவையும் சேர்த்தவர் யாரிடம் கற்றார் என்பதுதான் வியப்பு. 1936 அளவில் அவர் முறையாக மாணவராக அமர்ந்தது குஷி முகமது கானிடம். அவர் ஆர்மோனிய வித்தகர். சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையே வழுக்கிச் செல்ல முடியாத கருவி ஆர்மோனியம். வழுக்கலே உயிராகக் கொண்ட குழலை, அந்தக் கருவிக்காரரிடம் கற்றார் பன்னாலால். குரு கொடுத்தது இராகத்தின் இலக்கணம். கமகத்தை மாணவர் தம் மூங்கிலில் தேடிக்கொண்டார். பின்னர் கிரிஜா சங்கர் சக்கரவர்த்தியிடமும், 1947இல் இருந்து மைகார் அலாவுதீன் கானிடமும் பயின்றார். நாடறிந்த கலைஞராகி, முப்பத்தாறு வயதும் ஆனபிறகு மீண்டும் மாணவராகப் பாயில் அமர்ந்தார் என்பதை நாம் நினைக்க வேண்டும்.

ஆர்மோனியம் என்றதும் அக்காலத்துப் பெரிய சண்டை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. கையால் துருத்தியை இயக்கும் ஆர்மோனியத்தை உருவாக்கிப் பரப்பியது கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் நிறுவிய துவார்க்கின் கடை. அதே கல்கத்தாவின் இரவீந்திரநாத் தாகூர் அதை வெறுத்தார். கல்கத்தா வானொலி நிலையத்தில் அது ஒலிக்கலாகாது என்று எழுதினார். 1940 மார்ச்சு முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971 வரை அத்தடை தளரவில்லை. பெடல் பற்றி நாம் இடும் சண்டை இதன் முன் எம்மாத்திரம்! தடைக்கு உள்ளான கருவியின் ஆசிரியரிடம் கற்ற மாணவர், பிற்காலத்தில் அதே வானொலியின் இசைக்குழுவிற்குத் தலைவரானார் என்பது வரலாற்றின் குறும்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டியை வெறுப்போர் இதை விரும்பார். தாழ்ந்த சுரம் மெலிந்தது. பெரிய அரங்கில் கடைசி வரிசையை எட்டாது. சிறு குழல் கீச்சென்று ஒலித்ததற்குக் காரணம் அதுவும்தான். திறந்த வெளியில் அது கேட்க வேண்டுமே. நீளக் குழல் பிறந்த காலத்தைப் பாருங்கள். கல்கத்தா வானொலி நிலையம் 1927இல் தொடங்கியது. மின்வழி ஒலிப்பதிவு அதே பத்தாண்டில் வந்து, பழைய கூம்புக் கருவி பிடிக்காத கீழ்ச்சுரங்களைத் தட்டில் ஏற்றியது. அரங்கிலும் ஒலிவாங்கி வந்தது. இவை இல்லாதிருந்தால் முப்பத்திரண்டு அங்குலக் குழல் அறைக்குள்ளேயே நின்றிருக்கும் என்பது என் எண்ணம். பன்னாலால் ஒலிவாங்கியைத் தம் குழலின் எட்டாம் துளை போலவே பயன்படுத்தினார். ஆனால் ஒலிவாங்கி தராத ஒன்றை அவர் முன்பே தேடி வைத்திருந்தார்.

மற்றவற்றை விரைந்து சொல்லலாம். 1938இல் சரைகேலா அரச நடனக் குழுவுடன் ஐரோப்பா சென்று வந்தார். 1940இல் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அவர் மனைவி பாருல், இசையமைப்பாளர் அனில் பிஸ்வாசின் தங்கை. நியூ தியேட்டர்ஸ் 1935இல் வெளியிட்ட தூப் சாவோன் என்ற இந்திப் படத்தில் பின்னணி பாடும் முறை தொடங்கியபோது பாடிய பெண்களுள் பாருலும் ஒருவர். 1942இல் வந்த பசந்த், 1951இல் வந்த ஆந்தோலன் முதலிய படங்களுக்குப் பன்னாலால் இசை அமைத்தார். ஆயினும் திரைப்படம் அவரை முழுதும் விழுங்கவில்லை. அவர் உருவாக்கிய நூபுரத்வனி, சந்திரமௌலி, தீபாவளி, புஷ்பசந்திரிகா முதலிய இராகங்கள் அவர் மனம் எங்கே இருந்தது என்பதைக் காட்டும். நம் அம்சத்வனியையும் அவர் இசைத்தட்டில் வாசித்திருக்கிறார். கச்சேரித் தொடக்கத்தில் வாதாபி கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது வேறோர் ஊரில் நம் உறவினரைக் கண்டது போல் இருக்கும்.

1956இல் தில்லி வானொலியின் வாத்திய விருந்தா என்னும் தேசிய இசைக்குழுவிற்கு நடத்துநரானார். தமிழரான டி. கே. ஜெயராம ஐயரும் நடத்திய குழு அது. கலிங்கப் போரைப் பொருளாக வைத்து அவர் அமைத்த கலிங்க விஜயம் அங்கே பிறந்தது. ஊதும் கருவி, வில் கருவி, மீட்டும் கருவி என எல்லாவற்றையும் ஒருங்கே ஆளும் வாய்ப்பு அவருக்கு அப்போதுதான் கிடைத்தது. நான்கு ஆண்டுகளே அதற்கு வாய்த்தன. 1960 ஏப்ரல் 20ஆம் நாள் தில்லியில் மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பதைத் தொடவில்லை.

அவருக்குப் பின் என்ன நின்றது? நீளக் குழல் நின்றது. அதுவே வடநாட்டுக் குழல் என்றாகிவிட்டது. ஏழாம் துளையை அவருடைய மாணவர் வழியினர் காத்து வருகின்றனர். தேவேந்திர முர்தேஷ்வர் அவ்வழியில் முதன்மையானவர். பன்னாலாலின் மருமகனும் அவரே. ஏனையோர் பெரும்பாலும் ஆறு துளையோடு அமைந்துவிட்டனர். அரிபிரசாத் சௌரசியா ஆறு துளைக் குழலிலேயே உலகை வலம் வந்தார். நான்கு துளை நெடுங்குழலோ அருகிவிட்டது. அவர் சேர்த்தவற்றுள் பாடலுக்கு இன்றியமையாதது அனைவர்க்கும் உரியதாயிற்று. சிலருக்கே தேவைப்பட்டது சிலரிடம் தங்கியது. அவர் ஒருவரின் வேட்கைக்கு மட்டும் உரியது அவரோடு போயிற்று. பெடல் வாங்கக் கடைக்குச் செல்லும் நண்பர்கள் இந்த மூன்றையும் வழியில் எண்ணிப் பார்க்கலாம்.

தெற்கே நம் குழல் எட்டுத் துளைச் சிறு குழல். கும்பகோணம் சரப சாஸ்திரியார் அதைத் தனிக் கச்சேரிக்கு உரியதாக்கினார். மாலி அதில் பேசாத பேச்சு இல்லை. அந்த மேடைக்கும் தாழ்ந்த சுருதியின் ஆசை ஒருநாள் வந்தது. மாலியின் மாணவர் திருவாரூர் என். ரமணி நீண்ட குழலைக் கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். இரண்டையும் அருகில் வைத்துக்கொண்டு, உயரப் பறக்கச் சிறியதையும் ஆழ இறங்கப் பெரியதையும் மாற்றி மாற்றி எடுப்பார். அவருடைய ஒலிநாடாக்களும் பன்னாலாலின் பழைய தட்டுகளும் இன்று எளிதில் கிடைக்கின்றன. தேர்வு முடிந்த ஓர் இரவில், நல்ல ஒலிபெருக்கி உள்ள நண்பர் அறையில், முதலில் பன்னாலாலின் யமனையும் அடுத்து ரமணியின் கல்யாணியையும் போட்டுக் கேளுங்கள்.