கவலையைக் கடந்த இல்லறத்தார் அநாதபிண்டிகர்

பொருள் இல்லாதவனுக்கு அது வரவில்லையே என்ற கவலை. பொருள் உள்ளவனுக்கு அது போய்விடுமோ என்ற கவலை. இவ்விரண்டுக்கும் நடுவே, கையிலிருக்கும் நாளை நுகராமலே நம்மிற் பலர் வாழ்நாளைக் கழித்துவிடுகிறோம். கவலையை விடவேண்டுமாயின் வீட்டையே துறக்கவேண்டும் என்று எண்ணுவோரும் உளர். அஃது அவ்வாறன்று என்பதற்குப் பகவான் புத்தரின் இல்லறச் சீடருள் கொடையிற் சிறந்தவரான அநாதபிண்டிகரின் வரலாறு சான்றாகும்.

அவரது இயற்பெயர் சுதத்தர். கோசல நாட்டின் தலைநகராகிய சிராவஸ்தியில் பெருவணிகராக விளங்கியவர். ஆதரவற்றோர்க்கு அன்னமிட்டு வந்தமையால் அநாதபிண்டிகர் எனப் பெயர் பெற்றார். ஒருமுறை அலுவல் காரணமாக மகத நாட்டு இராஜகிருகத்திற்குச் சென்று, தம் மைத்துனர் இல்லத்தில் தங்கினார். வழக்கமாக ஓடிவந்து வரவேற்கும் மைத்துனர் அன்று சமையல் ஏற்பாட்டில் மூழ்கியிருந்தார். திருமணமோ, அரசர் விருந்தோ என்று சுதத்தர் வினவினார். மறுநாள் புத்தரும் பிக்கு சங்கமும் உணவுக்கு எழுந்தருள்கின்றனர் என்று விடை வந்தது.

புத்தர் என்ற சொல்லைக் கேட்டது முதல் அவருக்கு உறக்கம் வரவில்லை. விடிந்துவிட்டதென்று எண்ணி அவ்விரவில் மும்முறை எழுந்தார். இறுதியில் இருள் பிரியுமுன்னரே நகரவாயிலைக் கடந்து, சுடுகாட்டை அடுத்த சீதவனத்தை நோக்கி நடந்தார். வழியில் இருள் சூழ்ந்தது, அச்சம் பற்றியது, திரும்பிவிடலாமா என்று தயங்கினார். ஆயினும் ஊக்கம் பெற்று மேலும் நடந்தார். திறந்த வெளியில் உலவிக்கொண்டிருந்த பகவான் அவரைச் சுதத்தா என்று இயற்பெயரால் அழைத்தார். மகிழ்ச்சியால் நெகிழ்ந்த வணிகர், பகவான் நன்கு உறங்கினாரா என்று கேட்டார். ஆசையின் வெம்மை தணிந்து, உள்ளம் அமைதியுற்றவன் எப்பொழுதும் இனிதே உறங்குகிறான் என்று பகவான் விடையளித்தார். வணிகர் கேட்ட முதற்கேள்வியே உறக்கத்தைப் பற்றியது என்பதை நாம் கருதவேண்டும். பொருளைப் பெருக்கத் தெரிந்தவர்க்கும் அரிதாயிருப்பது அமைதியான உறக்கமன்றோ? அன்று விடியுமுன் அவர் தம்மத்தைக் கேட்டுச் சோதாபன்ன நிலை எய்தித் திரிசரணம் அடைந்தார்.

சிராவஸ்திக்குத் திரும்பியபின், ஜேத இளவரசருக்குரிய சோலையை அவர் விலைக்குக் கேட்டார். நிலமெங்கும் நாணயங்களைப் பரப்பினாலும் தரமாட்டேன் என்றார் இளவரசர். அச்சொல்லையே விலையாகக் கொண்டு, வண்டிகளில் பொன் கொணர்ந்து பரப்பச் செய்தார் வணிகர். நிலத்திற்கு 18 கோடி, கட்டடங்களுக்கு 18 கோடி, அர்ப்பண விழாவிற்கு 18 கோடி என உரைநூல்கள் கணக்குக் கூறும். பகவான் அந்த ஜேதவனத்தில் 19 மழைக்காலங்கள் தங்கினார் என்பது மரபு. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பர்ஹூத் தூபியின் சிற்பத்தில் மாட்டுவண்டியும், நாணயங்களைப் பரப்பும் ஆட்களும் காட்சியளிக்கின்றனர். அச்சிற்பத்தைக் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் காணலாம்.

கொடையின் சிறப்பை யாவரும் அறிவர். அதன்பின் நேர்ந்ததே நமக்கு வேண்டிய பாடம். வணிகர்கள் அவரிடம் கடனாகப் பெற்ற 18 கோடி திரும்பவில்லை. அசிரவதி ஆற்றங்கரையில் புதைத்து வைத்த குடும்பச் செல்வம் 18 கோடியை வெள்ளம் அடித்துச் சென்றது. பெருவிருந்து நடந்த இல்லத்தில் நொய்க்கஞ்சியும் புளிங்காடியும் மட்டுமே எஞ்சின. அவற்றையே அவர் சங்கத்திற்கு நாள்தோறும் அளித்தார்.

அவர் வீட்டு நான்காம் வாயிலின் மேல் ஒரு தேவதை குடியிருந்ததாகவும், அது அவர்முன் தோன்றி, இனியேனும் ஈகையை நிறுத்தி எதிர்காலத்தை நினைக்குமாறு அறிவுறுத்தியதாகவும் ஜாதக உரை கூறுகிறது. அதனை அச்சம் பேசும் குரலாகவே நாம் கொள்ளலாம். நாளைக்கு என்ன செய்வாய் என்று நள்ளிரவில் நம் ஒவ்வொருவர் வீட்டு வாயிலிலும் நின்று கேட்கும் குரல் அது. அநாதபிண்டிகர் அதனோடு வாதாடவில்லை. வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். பின்னர் அத்தேவதையே மன்னிப்பு வேண்டி, இழந்த பொருளை மீட்டுத் தந்ததாகக் கதை முடிகிறது. பொருள் திரும்பியதைவிட, பொருள் இல்லாதபோதே அவர் உள்ளம் கலங்காமல் இருந்தது பெரிது.

அக்கலங்காமை எவ்வாறு வந்தது? பகவான் அவருக்கு அருளிய போதனைகளே விடை கூறும். நேர்வழியில் ஈட்டிய பொருளால் தாமும் பெற்றோரும் மனைவி மக்களும் ஏவலரும் இன்புறவேண்டும், நண்பர்க்கு உதவவேண்டும், இடர்களினின்று காத்துக்கொள்ளவேண்டும், உறவினர்க்கும் விருந்தினர்க்கும் உரிய கடமைகளை ஆற்றவேண்டும், துறவோர்க்கு வழங்கவேண்டும். இவ்வாறு பயன்படுத்தியவனுக்குப் பொருள் குறைந்தாலும் வருத்தமில்லை, பெருகினாலும் வருத்தமில்லை. செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவே அவனுக்குக் காவல். மேலும் இல்லறத்தானுக்கு நான்கு இன்பங்கள் உண்டென்றும் பகவான் அவருக்கு உரைத்தார். பொருளுடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, குற்றமின்மை என்பவை அவை. முதல் மூன்றும் குற்றமின்மையின் பதினாறில் ஒரு பங்குக்கும் ஈடாகா. வறுமையில் நொய்க்கஞ்சி அளிப்பதைச் சொன்னபோதோ, கொடுக்கும் பொருள் எளியதாயினும் மதிப்போடு கொடுப்பதே பெரிது என்றார். எல்லாக் கொடைகளினும் ஒரு கணநேர மைத்திரி உயர்ந்தது. அதனினும் நிலையாமையை ஒரு விரல்நொடி உணர்தல் உயர்ந்தது என்றும் விளக்கினார்.

மக்களைப் பற்றிய பொறுப்பும் அவருக்கு இருந்தது. தம்மத்தில் நாட்டமில்லாத மகன் காலனை அவர் கடிந்துகொள்ளவில்லை. உபோசதம் காத்தால் 100 காசும், ஒரு செய்யுளைக் கற்று வந்தால் 1000 காசும் தருவதாகச் சொல்லி விகாரைக்கு அனுப்பினார். காசுக்காகச் சென்ற மகன் தம்மத்தை உணர்ந்து, அக்காசைப் பெறவே நாணினான். இளைய மகள் சுமனா இறந்தபோதோ அவர் கண்ணீர் வடித்தபடியே பகவானிடம் சென்றார். கவலையைக் கடந்தவர் கல்லாகிவிடவில்லை. இழப்பு நேர்ந்தபோது அழுவது அன்பு. நேராத இழப்பை நாள்தோறும் எண்ணி வாடுவதே கவலை.

இறுதி நோயில் கடும் வேதனையோடு கிடந்தபோது சாரிபுத்திரரும் ஆனந்தரும் வந்தனர். கண் முதலிய பொறிகளையும், அவற்றால் அறியப்படுவனவற்றையும், இவ்வுலகையும் மறுவுலகையும் பற்றாதிருக்கச் சாரிபுத்திரர் போதித்தார். அநாதபிண்டிகர் அழுதார். உள்ளம் தளர்கிறதோ என்று ஆனந்தர் வினவினார். தளரவில்லை, நெடுங்காலம் பகவானை வழிபட்டும் இத்தகைய உபதேசத்தை இதுவரை கேட்டதில்லை என்றார் அவர். இது பொதுவாகத் துறவோர்க்கே உரைக்கப்படுவது என்றனர். மாசு குறைந்த கண்ணுடைய இல்லறத்தாரும் உளர். கேளாமையால் அவர்கள் இழந்துவிடக்கூடாது. ஆதலின் வெள்ளாடை உடுத்தோர்க்கும் இதனைச் சொல்லுங்கள் என்று அவர் வேண்டினார். சின்னாட்களில் அன்று, சிறிது பொழுதிலேயே உயிர் நீத்தார்.

தம்மத்தைத் தழுவிய நம்மவரிற் பலர் நாட்கூலியிலும் மாதச் சம்பளத்திலும் குடும்பம் நடத்துவோர். கடன் தீரட்டும், பிள்ளைகள் படித்து முடிக்கட்டும், பெண்ணுக்கு மணமாகட்டும், பிறகு அமைதியாக அமர்வோம் என்று நாம் நாள் கடத்துகிறோம். அநாதபிண்டிகர் அந்தப் பிறகு என்னும் நாளுக்குக் காத்திருக்கவில்லை. கஞ்சி மட்டுமே இருந்த வீட்டில் கஞ்சியை மகிழ்வோடு பகிர்ந்தார். பகலில் உழைப்பைச் செம்மையாகச் செய்வோம். பஞ்சசீலத்தால் குற்றமின்மையைக் காப்போம். மாலையில் வீட்டாரோடு சிறிது நேரம் மைத்திரி பாவித்து அமர்வோம். அதன்பின் வாயிலில் அச்சத்தின் குரல் கேட்குமாயின், அவர் செய்தது போலவே அதனை வெளியே அனுப்பிவிட்டு நாமும் இனிது உறங்குவோமாக.