ஆணியில் அமர்ந்த குருவி

ஓட்டு வீட்டின் இறவாணத்திலும் சுவர்ப் பொந்திலும் வைக்கோல் செருகிக் கூடமைக்கும் சிட்டுக்குருவியை அறியாதார் உத்திரமேரூர்ப் பகுதியில் இலர். அத்தகைய எளிய கூடொன்றே பறவையியல் அறிஞர் சாலிம் அலிக்கு முதற்பாடமாக அமைந்தது.

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி வளர்த்தார். வேட்டையில் நாட்டமுடைய அவ்வீட்டில் சிறுவனின் கைக்கு ஒரு காற்றுத்துப்பாக்கி வந்தது.

பத்து வயதளவில், சுவர்த் துளையொன்றில் பெண்குருவி அடைகாப்பதையும், அருகிலிருந்த ஆணியில் ஆண்குருவி காவலிருப்பதையும் அவர் கண்டார். மறைந்திருந்து ஆண்குருவியைச் சுட்டார். சிறிது நேரத்தில் வேறோர் ஆண்குருவி அதே ஆணியில் வந்தமர்ந்தது. அதனையும் சுட்டார். ஏழு நாள்களில் எட்டு ஆண்குருவிகள் அவ்வாறு மடிந்தன. துணையை இழந்த பெண்குருவி ஒவ்வொரு முறையும் புதுத்துணை பெற்றதைச் சிறுவன் குறித்து வைத்தான். கொடுமையும் கூர்நோக்கும் ஒருங்கே அமைந்த அக்குறிப்பு, ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் பறவை ஆர்வலர் இதழில் அச்சேறியது.

மற்றொரு நாள் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் காணப்பட்டது. அதன் இனத்தை அறியும் பொருட்டு, 1908இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் செயலர் மில்லர்டை நாடிச் சென்றார். அவர் காட்டிய பறவைத் தொகுப்பு சிறுவனின் வாழ்க்கைப் பாதையை மாற்றியது.

பின்னர் ஜெர்மனியில் பயின்று 1930இல் தாயகம் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பணியிடம் நீக்கப்பட்டிருந்தது. வேலையின்றிக் கிகிம் என்னும் கடலோர ஊரில் தங்கியவர், அங்கிருந்த தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். ஆண்குருவி பாதிக்கூடு பின்னும். பெண்குருவி பார்த்து ஏற்றபின் கூட்டை நிறைவு செய்யும். அடுத்து, வேறொரு துணைக்காகப் புதுக்கூடு தொடங்கும். இவ்வுண்மையை உலகறியச் செய்தது, பொறுமையோடு கூடிய அந்நோக்கே.

ஆய்வுக்காகப் பறவைகளைச் சுடும் அக்கால வழக்கத்தை அவர் அறவே கைவிட்டாரல்லர். ஆயினும், உயிருள்ள பறவையை அதன் வாழிடத்திலேயே அறியும் நெறியை நாட்டிற்குக் கற்பித்தார். 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் பலரைப் பறவை நோக்கர்களாக்கியது. 1976இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அவர், 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் மறைந்தார்.

ஓட்டுக்கூரைகள் மறைந்து கான்கிரீட் தளங்கள் பெருகும் இந்நாளில், குருவிக்குப் பொந்து அரிதாகிவிட்டது. ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலத் துளையிட்ட மரப்பெட்டியை, பூனைக்கு எட்டாத உயரத்தில், வெயில் படாத சுவரில் பொருத்தினால் குருவி குடிவரக்கூடும். அதனருகே ஓர் ஆணியும் அடித்து வைப்போம். காவலுக்கு வந்தமரும் குருவியைக் கண்டு குறிப்பெழுத, நமக்கு ஒரு குறிப்பேடும் பொறுமையுமே போதும்.