லூகா பசியோலி – இரட்டைப் பதிவை நூலாக்கிய துறவி

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கீட்டு வினாவிற்கு விடையளிக்கும் மாணவர், கொடுக்கல் வாங்கல்களை நாளேட்டில் பதிந்து, பேரேட்டிற்கு மாற்றி, மீதிகளைக் கண்டு, பரீட்சை மீதியைத் தயாரித்து, செம்மையாக்கங்களைச் செய்து, இறுதிக் கணக்குகளை முடிக்கின்றனர். இவ்வொழுங்கின் பெரும் பகுதி 1494இல் வெனிஸ் நகரில் அச்சான ஒரு நூலில் காணப்படுகின்றது. அதனை எழுதியவர் வணிகர் அல்லர். கணிதம் கற்பித்த ஒரு கிறிஸ்தவத் துறவி. அவரே லூகா பசியோலி.

இவரைக் ‘கணக்கீட்டின் தந்தை’ என்பர். ஆனால் இரட்டைப் பதிவு முறையை இவர் கண்டுபிடிக்கவில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாக விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

1. பிறப்பும் இளமையும்

பசியோலி ஏறத்தாழ 1447இல் இத்தாலியின் சான்செபொல்குரோ என்னும் சிறிய நகரில் பிறந்தார். அக்காலத்தில் இத்தாலிய நகரங்களில் வணிகக் கணிதம் கற்பிக்கும் பாடசாலைகள் இருந்தன. வட்டி, நாணய மாற்று, பங்காளரிடையே இலாபம் பகிர்தல் என்பனவே அங்கு முக்கிய பாடங்கள்.

அவரது ஊரிலேயே பிறந்தவர் பியரோ டெல்லா பிரான்செஸ்கா. இவர் புகழ்பெற்ற ஓவியர் மட்டுமன்றிச் சிறந்த கணித அறிஞருமாவார். பசியோலியின் கணித ஈடுபாட்டில் இவரது செல்வாக்கு உண்டு. பிற்காலத்தில் பசியோலி மீது எழுந்த பெரும் குற்றச்சாட்டும் இவரோடு தொடர்புடையதே.

2. வெனிஸ் நகர வாழ்க்கை

இளைஞராக இருந்தபோது பசியோலி வெனிஸ் சென்றார். அங்கு அந்தோனியோ றொம்பியாசி என்னும் வணிகரின் மூன்று புதல்வர்களுக்கு ஆசிரியரானார். 1470இல் அம்மாணவர்களுக்காக ஒரு கணித நூலையும் எழுதினார். வெனிஸ் அந்நாளில் கீழைத்தேய வாசனைப் பொருள், பட்டு என்பவற்றை ஐரோப்பாவிற்கு வழங்கிய பெரும் துறைமுகமாகும். வணிகர் வீட்டில் இருந்தமையால் கணக்கேடுகள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதை நேரில் காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

பின்னர் உரோமில் கட்டடக் கலைஞரும் அறிஞருமான லியோன் பத்தீஸ்தா அல்பேர்ட்டியின் இல்லத்தில் சிறிது காலம் தங்கினார்.

3. துறவியும் ஆசிரியரும்

1470களில் பசியோலி புனித பிரான்சிஸ் சபையில் சேர்ந்து துறவியானார். ஆயினும் கற்பித்தலைக் கைவிடவில்லை. பெரூஜியா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தார். பல நகரங்களுக்கும் சென்று விரிவுரை ஆற்றினார்.

இதனால் சபைக்குள் அவருக்குச் சிக்கல்களும் ஏற்பட்டன. 1491இல் தம் சொந்த ஊரில் இளைஞர்களுக்குக் கற்பிப்பதற்கு அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. துறவியின் கடமையா, ஆசிரியத் தொழிலா என்னும் இழுபறி அவரது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. எனினும் மூன்று ஆண்டுகளின் பின் அவரது பெரும் நூல் வெளிவந்தது.

4. 1494இல் வெளிவந்த நூல்

எண்கணிதம், கேத்திரகணிதம், விகிதம், விகிதசமம் ஆகியவற்றின் தொகுப்பாக அமைந்த இந்நூல் ‘சும்மா’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும். அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூலை வெனிஸ் நகரில் பகானினோ டி பகானினி அச்சிட்டார். இந்நூலின் ஒரு பகுதியாக, 36 அத்தியாயங்களில் கணக்குப் பதிவு முறை விளக்கப்பட்டது.

இந்நூல் பரவியதற்கு இரு காரணங்களைக் குறிப்பிடலாம்.

(அ) அறிஞர்கள் மட்டும் அறிந்த இலத்தீனில் அன்றி, வணிகர் வாசிக்கக்கூடிய இத்தாலிய மொழியில் எழுதப்பட்டமை.
(ஆ) அச்சுக்கலை பரவிய காலத்தில், அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரில் வெளியானமை.

தாம் விளக்குவது வெனிஸ் வணிகர் கையாளும் முறையே எனப் பசியோலி நூலிலேயே தெரிவித்துள்ளார். இரட்டைப் பதிவு அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வழக்கில் இருந்தது. பெனடெட்டோ கொட்ருலி என்பவர் 1458இல் இம்முறை பற்றி எழுதியிருந்தார். ஆனால் அவரது நூல் 1573இலேயே அச்சேறியது. எனவே இரட்டைப் பதிவை முதன்முதலில் அச்சு நூலில் முறையாக விளக்கியவர் என்பதே பசியோலிக்குரிய சரியான சிறப்பாகும்.

5. நூலில் விளக்கப்பட்ட முறை

முதலில் வணிகர் தம் உடைமைகள் யாவற்றையும் பட்டியலிடல் வேண்டும். காசு, நகை, பொருள்கள், வீடு, நிலம், கடன்பட்டோர், கடன்கொடுத்தோர் என அனைத்தும் இதில் இடம்பெறும். இங்கு ஒரு விடயத்தைக் கவனிக்குக. வீட்டுப் பொருள்களும் வணிகப் பொருள்களும் ஒரே பட்டியலில் வந்தன. உரிமையாளர் வேறு, வணிகம் வேறு என நாம் இன்று கற்கும் வணிக அலகு எண்ணக்கரு அப்பட்டியலில் பின்பற்றப்படவில்லை.

அடுத்து மூன்று ஏடுகள் பேணப்படும்.

• குறிப்பேடு – அன்றாடக் கொடுக்கல் வாங்கல்கள் நிகழ்ந்தவாறே எழுதப்படும். பல நாணயங்களிலும் தொகைகள் இருக்கலாம்.
• நாளேடு – குறிப்பேட்டில் உள்ளவை ஒரே நாணயத்திற்கு மாற்றப்பட்டு, வரவு வைக்கப்படும் கணக்கும் செலவு வைக்கப்படும் கணக்கும் பிரித்து எழுதப்படும். இரண்டிற்கும் இடையே இரு சாய்கோடுகள் இடப்படும்.
• பேரேடு – ஒவ்வொரு நாளேட்டுப் பதிவும் இரு கணக்குகளில், ஒன்றில் வரவாகவும் மற்றதில் செலவாகவும் பதியப்படும். கணக்குகளைத் தேடுவதற்கு அட்டவணையும் உண்டு.

பேரேட்டை முடிக்கும்போது செலவினங்களும் இலாபங்களும் இலாப நட்டக் கணக்கிற்கு மாற்றப்படும். அக்கணக்கின் மீதி மூலதனக் கணக்கிற்குச் செல்லும். இறுதியில் பேரேட்டின் வரவுத் தொகைகளையும் செலவுத் தொகைகளையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தல் வேண்டும். இரண்டும் சமப்படாவிடின் எங்கோ வழு உள்ளது. அதனைத் தேடித் திருத்த வேண்டும். நமது பரீட்சை மீதியின் நோக்கமும் இதுவே.

ஆண்டுதோறும் கணக்கு முடிப்பது நல்லது என்றும், பங்குடைமையில் இது மிக அவசியம் என்றும் பசியோலி வலியுறுத்தினார். கணக்கு முடிக்கப்படாது ஆண்டுகள் கடந்தால் யாருக்கு எவ்வளவு என்பது மறந்துபோகும், ஐயம் எழும், நட்பு முறியும். அவரைப் பொறுத்தவரை கணக்கேடு வணிகரின் நேர்மைக்குச் சான்றுமாகும்.

6. நூலில் இல்லாத செம்மையாக்கங்கள்

இன்று பரீட்சை மீதியின் கீழ் தரப்படும் ‘மேலதிகத் தகவல்கள்’ மாணவர்களுக்குப் பெரும் இடர் தருவன. பசியோலியின் நூலில் இவை முறையாக விளக்கப்படவில்லை. வியாபாரக் கணக்கு, ஐந்தொகை ஆகியவற்றை இன்றைய வடிவில் தயாரிக்கவும் அவர் கூறவில்லை. அவரது முறையில் ஒவ்வொரு சரக்குத் தொகுதிக்கும் தனிக் கணக்கு உண்டு. அத்தொகுதி விற்று முடிந்ததும் அதன் இலாபம் தெரிந்துவிடும். ஆண்டின் நடுவே காலத்தைத் துண்டிக்க வேண்டிய தேவை அங்கு குறைவு.

ஆனால் நடைமுறையில் சில வணிகர் செம்மையாக்கங்களை அதற்கு முன்னரே செய்துள்ளனர். பிரான்சின் சலோன் நகரில் இயங்கிய பரோல்பி நிறுவனத்தின் 1299–1300 பேரேட்டில், நான்கு ஆண்டுகளுக்கு முற்பணமாகச் செலுத்திய 16 இலீவர் வாடகையில் ஓராண்டிற்குரிய 4 இலீவர் மட்டுமே செலவாக்கப்பட்டது. மிகுதி 12 இலீவர் அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இதுவே முற்கொடுப்பனவு. பிராற்றோ நகர வணிகர் பிரான்செஸ்கோ டாட்டினியின் பார்சிலோனா கிளைக் கணக்குகளில், 1390களில், அலுவலகத் தளபாடத்திற்கான பெறுமானத் தேய்வும் செலுத்தப்படாத வரிக்கான ஏற்பாடும் காணப்படுகின்றன.

இதனை ஒரு சிறிய புத்தகக் கடையின் கணக்கினால் விளங்கிக்கொள்வோம். டிசெம்பர் 31இல் முடிவடைந்த ஆண்டிற்கு, செம்மையாக்கத்திற்கு முன்னரான இலாபம் ரூபா 150,000 எனக் கொள்க. இறுதித் தொக்கு ஏற்கனவே கணக்கிற் சேர்க்கப்பட்டுள்ளது. மேலதிகத் தகவல்கள் வருமாறு:

(i) வாடகைச் செலவு ரூபா 72,000. இது சனவரி 1 முதல் 18 மாதங்களுக்குரியது.
(ii) டிசெம்பர் மின்கட்டணம் ரூபா 3,500 செலுத்தப்படவில்லை.
(iii) ரூபா 90,000 கிரயமுடைய தளபாடம் இவ்வாண்டு தொடக்கத்தில் வாங்கப்பட்டது. கிரயத்தில் 10% தேய்வு இடப்படும்.
(iv) கடன்பட்டோர் ரூபா 60,000. இதில் ரூபா 2,000 அறவிட முடியாதது. மிகுதியில் 5% ஐயக்கடன் ஏற்பாடு செய்யப்படும்.

நாளேட்டுப் பதிவுகள்:

• முற்கொடுப்பனவு வாடகை வரவு 24,000. வாடகை செலவு 24,000.
• மின்கட்டணம் வரவு 3,500. அட்டுறு மின்கட்டணம் செலவு 3,500.
• பெறுமானத் தேய்வு வரவு 9,000. தேய்வு ஏற்பாடு செலவு 9,000.
• அறவிடமுடியாக் கடன் வரவு 2,000. கடன்பட்டோர் செலவு 2,000.
• ஐயக்கடன் வரவு 2,900. ஐயக்கடன் ஏற்பாடு செலவு 2,900.

சரியான தேறிய இலாபம் = 150,000 + 24,000 – 3,500 – 9,000 – 2,000 – 2,900 = ரூபா 156,600.

ஐந்தொகையில், அதாவது இன்று நிதிநிலைமைக் கூற்று எனப்படுவதில், தளபாடம் 81,000, கடன்பட்டோர் 55,100, முற்கொடுப்பனவு 24,000 எனச் சொத்துக்களின் கீழும், அட்டுறு மின்கட்டணம் 3,500 நடைமுறைப் பொறுப்பின் கீழும் வரும். ஒவ்வொரு செம்மையாக்கமும் இரு இடங்களில் தாக்கம் செலுத்துகின்றது. ஒன்றை மறந்தால் ஐந்தொகை சமப்படாது. பதிவுகள் புதியனவாயினும் அடிப்படை விதி பசியோலி விளக்கியதே.

7. லியனாடோ டாவின்சியின் நட்பு

நூல் வெளியான பின் மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்போர்சா பசியோலியைத் தம் அரசவைக்கு அழைத்தார். அங்கு லியனாடோ டாவின்சி அவரிடம் கணிதம் பயின்றார். பசியோலியின் ‘தெய்வீக விகிதம்’ என்னும் நூலுக்குத் திண்ம உருவங்களையும் வரைந்து கொடுத்தார். 1499இல் பிரெஞ்சுப் படைகள் மிலானைக் கைப்பற்றியதும் இருவரும் அந்நகரை விட்டு வெளியேறினர். பின்னர் புளோரன்ஸ் நகரில் வாழ்ந்தனர். ‘தெய்வீக விகிதம்’ 1509இல் வெனிசில் அச்சானது.

8. குற்றச்சாட்டும் இறுதிக் காலமும்

பியரோ டெல்லா பிரான்செஸ்காவின் ஆக்கங்களைப் பசியோலி தமதாக்கிக்கொண்டார் என 1550இல் வசாரி என்னும் வரலாற்றாசிரியர் எழுதினார். இக்குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1509இல் வெளியான நூலின் ஒரு பகுதி, பியரோவின் நூலை இத்தாலியத்தில் தருவதாகும்; அவரது பெயர் அங்கு ஆசிரியராகக் குறிக்கப்படவில்லை. அதேவேளை, சிதறிக்கிடந்த அறிவைத் தொகுத்துச் சாதாரண மக்களின் மொழியில் வழங்கிய பணியையும் மறுக்க முடியாது. பிறரது வரவை எழுதாது விட்டமை கணக்கீட்டு ஆசிரியரின் வாழ்வில் ஒரு குறையாகவே நிற்கின்றது.

1510இல் அவர் தம் ஊர் மடத்தின் தலைவரானார். 1514இல் பாப்பரசர் பத்தாம் லியோ அவரை உரோமில் கற்பிக்க அழைத்தார். 1517 யூன் 19இல் அவர் காலமானார். 1523இல் ‘சும்மா’ மீண்டும் அச்சிடப்பட்டது. 1543இல் அன்ட்வேர்ப்பிலும் இலண்டனிலும் இதனைத் தழுவிய கணக்கீட்டு நூல்கள் வெளிவந்தன. நூலின் ஐந்நூறாம் ஆண்டான 1994இல் இத்தாலி அவர் நினைவாக 500 லீரா நாணயத்தை வெளியிட்டது.

நினைவில் வைத்திருக்க வேண்டியவை

1447 (ஏறத்தாழ) – பிறப்பு
1494 – ‘சும்மா’ வெளியீடு
1499 – மிலானை விட்டு வெளியேறல்
1509 – ‘தெய்வீக விகிதம்’ வெளியீடு
1517 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. பசியோலி இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்தவர் எனக் கூறுவது ஏன் பொருத்தமற்றது?
2. அவர் குறிப்பிட்ட மூன்று ஏடுகளையும் பெயரிட்டு, ஒவ்வொன்றின் பயனையும் எழுதுக.
3. பரோல்பி நிறுவனம் 16 இலீவர் முழுவதையும் முதலாண்டிலேயே செலவாக்கியிருப்பின், அவ்வாண்டின் இலாபமும் சொத்துக்களும் எவ்வாறு மாறியிருக்கும்?
4. மேலே தரப்பட்ட புத்தகக் கடையின் வாடகை 15 மாதங்களுக்குரியதாயின் தேறிய இலாபத்தைக் கணிக்குக. (விடை: ரூபா 147,000)