காணும் கண் ஒன்றே

பெங்களூருவில் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் முதலிய பகுதிகளில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. இந்நகருக்கு 1895 நவம்பரில் அயர்லாந்துப் பெண்மணி ஒருவர் கடும் காய்ச்சலுடன் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் திருநெல்வேலிச் சீமையைத் தம் தாயகமாக ஏற்றுக்கொண்ட ஆமி கார்மைக்கேல் அம்மையார் அவர்.

1867-இல் பிறந்த அவருடைய வாழ்வின் திசையை இளமையில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி தீர்மானித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்ஃபாஸ்ட் நகரில் ஆலய வழிபாடு முடிந்து திரும்புகையில், கந்தல் உடுத்திய மூதாட்டி ஒருவர் சுமையுடன் தடுமாறுவதைக் கண்டார். தம் சகோதரர்களுடன் சேர்ந்து அவருக்குத் துணை செய்தார். ஆனால் எதிரே வந்த கண்ணியவான்களின் பார்வை பட்டதும் வெட்கத்தால் முகம் சிவந்தார். அப்போது, ஒவ்வொருவரின் பணியும் நெருப்பில் சோதிக்கப்படும் என்ற தூய பவுலின் போதனை அவர் உள்ளத்தில் எழுந்தது. இறைவனின் நெருப்பில் எரியாது நிற்பதே தமக்கு முக்கியம் என அன்றே அவர் உறுதி பூண்டார்.

அவ்வுறுதி பலமுறை சோதிக்கப்பட்டது. 1901-இல், பொட்டுக்கட்டப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். தொடர்ந்து பல குழந்தைகள் வந்தனர். டோனாவூரில் ஓர் இல்லம் உருவாயிற்று. ஊர் ஊராகச் சென்று போதித்தவர், குழந்தைகளைக் குளிப்பாட்டும் செவிலித்தாய் ஆனார். இதுவும் ஓர் ஊழியமா எனச் சிலர் ஏளனம் செய்தனர். சீடர்களின் பாதங்களைக் கழுவிய இயேசுவை நினைத்து அவர் அமைதி கொண்டார்.

தாம் கண்டவற்றை அவர் எழுதி அனுப்பினார். வெற்றிக் கதைகளையே விரும்பிய தாயகத்து அன்பர்கள், உற்சாகம் தராத எழுத்து என்று அதனைத் திருப்பி அனுப்பினர். அவர் உண்மையை மாற்றவில்லை. 1903-இல் அந்நூல் வெளிவந்தது. சக ஊழியர்களிலேயே சிலர் அவர் இந்தியாவை விட்டுச் செல்வது நல்லது என எண்ணினர். அவருடைய சமயக் கருத்துகள் பலவற்றை நாம் ஏற்க இயலாது. எனினும் அவர் சுட்டிய கொடுமை உண்மையானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் அயராத முயற்சிக்குப் பின் 1947-இல் சட்டம் அதனைத் தடுத்தது.

இகழ்ச்சியைவிடப் புகழ்ச்சி கடினமான சோதனை. 1919-இல் அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. நிந்தையும் நிராகரிப்பும் பெற்ற இயேசுவின் அடியாருக்கு இத்தகைய விருது எதற்கு என அவர் மனம் வருந்தினார். மறுப்பது பண்பாகாது என அன்பர்கள் வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டார். ஆனால் விழாவுக்குச் செல்லவில்லை.

1931-இல் கீழே விழுந்து காயமுற்றார். அதன்பின் இருபதாண்டுக் காலத்தின் பெரும்பகுதி படுக்கையிலேயே கழிந்தது. ஓடியாடிச் செய்த சேவை நின்றது. பிரார்த்தனையும் எழுத்தும் தொடர்ந்தன. இந்தியாவுக்கு வந்தபின் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல், 1951 ஜனவரி 18-ஆம் நாள் டோனாவூரிலேயே இறையடி சேர்ந்தார். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எனவே பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டியை அங்கே வைத்து, அன்னை எனப் பொருள்படும் ஒரே சொல்லை அதில் பொறித்தனர்.

நிஷ்காம கர்மம் என நாம் போற்றும் நெறியும் இதுவே. சேவை செய்யும்போது யார் பார்க்கிறார்கள் என்று நம் மனம் தேடுகிறது. சேவைக்கு வருகின்ற ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் இந்தத் தேடலைத் தம்முள் கண்டிருப்பர். அத்தருணத்தில் பெல்ஃபாஸ்ட் வீதியில் முகம் சிவந்து நின்ற அச்சிறுமியை நினைவுகூர்வோம். நம்மைக் காணும் கண் ஒன்றே. அதன் முன் நம் பணி தூயதாக இருந்தால் போதும்.