வளைகோல் வேந்தர் தியான் சந்த்

வளைகோல் பந்தாட்டம் என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர் தியான் சந்த். அவருடைய திறமை பிறவியிலேயே வாய்த்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அது அவர் பாடுபட்டுத் தேடிக்கொண்ட செல்வம்.

1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அவர் அலகாபாத்தில் பிறந்தார். இயற்பெயர் தியான் சிங். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். அடிக்கடி ஊர் மாற நேர்ந்ததால், சிறுவனின் பள்ளிப் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றது. பின்னர் குடும்பம் ஜான்சியில் குடியேறியது. அந்நாளில் அவருக்கு மல்யுத்தத்திலேதான் விருப்பம் இருந்தது.

1922-ல் அவர் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். சுபேதார் மேஜர் பாலே திவாரி அவருக்கு வளைகோல் ஆட்டத்தின் முதற் பாடங்களைக் கற்பித்தார். பகலில் படைப்பணி இருந்தது. இரவிலோ மைதானத்தில் விளக்கு இல்லை. ஆகவே நிலவு எழும்வரை காத்திருந்து பந்தை அடித்துப் பழகினார். மங்கிய ஒளியில் ஓடும் சிறு பந்தைத் தவறாமல் அடிக்க, கண்ணும் மனமும் அதன்மேலேயே ஊன்றியிருக்க வேண்டுமல்லவா? இந்த நிலவுப் பயிற்சியைக் கண்ட நண்பர்கள் அவரைச் 'சந்த்' என்று அழைத்தனர். இந்தியில் சாந்த் என்றால் நிலவு. தியானம் என்றால் மன ஒருமைப்பாடு என்பதை நாம் அறிவோம். அவருடைய பயிற்சி முழுவதும் அவர் பெயரிலேயே அடங்கிவிட்டது!

1926-ல் இராணுவ அணியுடன் நியூசிலாந்து சென்றார். அந்த அணி 21 ஆட்டங்களில் 18-ல் வென்றது. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 5 ஆட்டங்களில் 14 கோல்கள் போட்டார். 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இந்தியா அமெரிக்காவை 24-1 என்று வென்றபோது, அவர் 8 கோல்களும் அவர் தம்பி ரூப் சிங் 10 கோல்களும் போட்டனர். தாமே கோல் போட வேண்டும் என்ற ஆசை அவரிடம் இல்லை. நல்ல இடத்தில் நிற்கும் தோழருக்குப் பந்தைத் தள்ளிவிடுவதில் அவர் வல்லவர்.

1936-ல் பெர்லினில் அவரே அணித்தலைவர். போட்டிகளுக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றது. அவர் மனந்தளராமல் அணியை மேலும் பழக்கினார். ஆகஸ்டு 15-ஆம் நாள் இறுதி ஆட்டம்; மழையால் தரை ஈரம். இடைவேளையில் இந்தியா ஒரே கோல்தான் போட்டிருந்தது. உடனே ஆணிக் காலணிகளைக் கழற்றிவிட்டு, ரப்பர் அடிக் காலணியுடன் ஆடினார். இந்தியா 8-1 என்று வென்றது.

1956-ல் அவருக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது. அவ்வாண்டே மேஜர் பதவியில் ஓய்வு பெற்றார். 1979 டிசம்பர் 3-ஆம் நாள் டில்லியில் காலமானார். அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அன்புத் தோழியரே! மேடும் பள்ளமுமான நம் எடப்புளி நாட்டில் நல்ல திடல் இல்லையே, விலையுயர்ந்த மட்டை இல்லையே என்று ஏங்குகிறோம். அவருக்கோ விளக்குகூட இல்லை. வளைகோலானாலும் கிரிக்கெட்டானாலும் பேஸ்பாலானாலும், கை வீசுமுன் கண் பந்தைப் பிடிக்க வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை. நாள் தவறாத பழக்கமே தேவை.