ஆம்பூர் வழியா போற ரயில் பாதைக்கும் ஹிட்லரின் ரகசியத்தை உடைத்தவருக்கும் என்ன தொடர்பு? யார் இந்த ஆலன் டூரிங்?

சென்னையிலிருந்து காட்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை வழியாக கோவை பக்கம் போகும் ரயில் பாதை ஒரு காலத்தில் மெட்ராஸ் ரயில்வேக்குச் சொந்தம். அதன் தலைமைப் பொறியாளராக இருந்தவர் எட்வர்ட் வாலர் ஸ்டோனி. அவருடைய மகள் எத்தேல் சாரா பிறந்தது 1881-ல், இதே பாதையில் இருக்கும் போத்தனூரில்.

அந்த எத்தேலின் மகன்தான் ஆலன் டூரிங். இன்றைக்கு சைபர் பாதுகாப்பு, ஏஐ என்று எதைப் பேசினாலும் தவிர்க்க முடியாத பெயர்.

அப்பா, அம்மா இங்கே... பிள்ளை அங்கே

அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி. ஆலன் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் வேலைக்காக இந்தியா திரும்ப, அண்ணனும் தம்பியும் இங்கிலாந்தில் வேறொரு தம்பதியிடம் வளர்ந்தார்கள். கணக்கில் புலியான ஆலன், 1936-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இன்றைய கணினிக்கு அடிப்படை.

எனிக்மாவை எப்படி உடைத்தார்?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் செய்திகளை எனிக்மா என்ற இயந்திரத்தால் ரகசியக் குறியீடாக மாற்றி அனுப்பியது. அதன் அமைப்பு தினமும் மாறும். மொத்த சாத்தியங்கள், 1 எழுதி 20 சைபர் போட்டால் வரும் எண்ணைவிட அதிகம்.

போலந்து கணித நிபுணர்கள் முதலில் வழி கண்டார்கள். 1939 செப்டம்பரில் பிளெட்ச்லி பார்க்கில் சேர்ந்த டூரிங், அடுத்த ஆண்டே பாம்ப் என்ற இயந்திரத்தைக் களமிறக்கினார். கார்டன் வெல்ச்மன் அதை மேம்படுத்தினார்.

சரி, ஓட்டை எங்கே இருந்தது? எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது. அதோடு, வானிலை அறிக்கை போன்ற செய்திகளில் ஒரே வார்த்தைகள் தினமும் வந்தன. அந்த வார்த்தைகளை யூகித்துத்தான் பாம்ப் வேலை செய்தது. அதாவது இயந்திரத்தின் குறையோடு மனுஷனின் பழக்கமும் சேர்ந்து காட்டிக்கொடுத்தது.

ஆம்பூர் ஷூ ஆர்டர் முதல் வங்கிப் பணம் வரை எல்லாமே இமெயிலில் நடக்கும் இன்றைக்கும் இதே கதைதான். எவ்வளவு பெரிய பாதுகாப்பு மென்பொருள் போட்டாலும், எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தால் அவ்வளவுதான்.

காப்பாற்றியவருக்குக் கிடைத்தது

1950-ல், இயந்திரம் சிந்திக்குமா என்பதைச் சோதிக்க ஒரு வழி சொன்னார் டூரிங். அதுதான் டூரிங் டெஸ்ட். ஆனா 1952-ல் தன்பாலின உறவுக்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாக்கியது. சிறைக்குப் பதில் ஹார்மோன் ஊசி. ரகசியப் பணிக்கான அனுமதியும் பறிபோனது. 1954 ஜூன் 7-ல், 41 வயதில் சயனைடு விஷத்தால் இறந்தார். தற்கொலை என்று விசாரணையில் முடிவானது.

அம்மா எத்தேல் 1959-ல் மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஆனால் எனிக்மா வேலை அப்போதும் அரசு ரகசியம். ஊருக்குத் தெரிந்ததே 1970-களில்தான்.

2013-ல் அரச மன்னிப்பு வந்தது. 2021-ல் பிரிட்டனின் 50 பவுண்ட் நோட்டில் அவர் படமும் வந்தது. அதைப் பார்க்க போத்தனூரில் பிறந்த அந்த அம்மா உயிரோடு இல்லை.