சொல்லைத் தேர்ந்து எழுதிய ஆயர்



எழுதுபவரின் சொல் காயத்தை உண்டாக்கும்; காயத்தை ஆற்றவும் செய்யும். இதை அறிந்து எழுதியவர் புனித பிரான்சிஸ் சலேசியார். அவருடைய திருவிழாவை ஜனவரி 24-ஆம் நாள் கொண்டாடுகிறோம்.

இவர் 1567-ஆம் ஆண்டு சவோய் நாட்டில் உயர்குடியில் பிறந்தார். பாரிசில் கல்வி பயின்று, 1591-இல் பதுவைப் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மகன் பெரிய பதவிக்கு வரவேண்டும் என்பது தந்தையின் கனவு. மகனோ 1593-இல் குருவானார்.

மறு ஆண்டே சாப்லே பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கு மக்கள் கால்வினின் போதனையைத் தழுவியிருந்தனர். மறையுரை கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. எனவே எழுதத் தொடங்கினார். சிறு தாள்களில் விசுவாச விளக்கங்களை எழுதிப் பரப்பினார். அவை கதவிடுக்குகள் வழியாக வீடுகளுக்குள் சென்றன. மதப் பகையால் மக்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. இரு தரப்பு எழுத்துகளிலும் வசைமொழி மலிந்திருந்தது. இவரோ கருத்தில் உறுதியாக வாதிட்டார். ஆயினும் வாசிப்பவரை இழிவுபடுத்தி வெல்ல நினைக்கவில்லை. சாப்லே மக்கள் திரும்பி வந்ததற்கு இவருடைய சொற்கள் மட்டுமே காரணம் என்றால் அது முழு உண்மை ஆகாது. சவோய் கோமகனின் அரசியல் அழுத்தமும் அதில் இருந்தது. ஆனால் அழுத்தத்தால் பணிந்தவர்களின் இதயத்தைத் தொடச் சொல் ஒன்றாலேயே இயலும் அல்லவா?

1602-இல் ஜெனீவாவின் ஆயரானார். அந்நகரில் குடியிருக்க இயலாததால் அன்னசியில் தங்கிப் பணிபுரிந்தார். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் எழுதினார். திருமணமான ஒரு பெண்ணுக்கு எழுதிய ஆன்மீக அறிவுரைகளே விரிந்து, 1609-இல் பக்தி வாழ்வு பற்றிய புகழ்பெற்ற நூலாக வெளிவந்தன. அதை இலத்தீனில் அல்ல, மக்கள் பேசிய பிரெஞ்சு மொழியில் எழுதினார். பிலோத்தேயா, அதாவது இறைவனை அன்பு செய்பவள், என்று வாசகரை அழைத்தார். பெண்ணை விளித்து எழுதியதால் ஆண்கள் சிலர் அந்நூலை ஏற்கத் தயங்குகிறார்கள் என்று அறிந்ததும், 1616-இல் வெளிவந்த இறையன்பு பற்றிய நூலில் தெயோத்திமு என்று ஆணை விளித்தார். யாரும் விலகிப்போகக் கூடாது என்பதே அவருடைய கவலை.

பக்தி நூலின் மூன்றாம் பகுதியில் நாவடக்கம் பற்றிப் பல அதிகாரங்கள் உள்ளன. ஒருவர் ஒருமுறை குடித்திருக்கக் கண்டதால் அவரைக் குடிகாரர் என்று அழைக்கக் கூடாது என்கிறார். ஒரு செயல் ஒரு மனிதரின் பெயராகிவிடாது. முதலில் புகழ்ந்துவிட்டுப் பின் பழிதூற்றுவதை இன்னும் கொடியது என எச்சரிக்கிறார். காது கேளாத மார்ட்டின் என்னும் ஏழைக்குச் சைகைகளாலேயே மறைக்கல்வி கற்பித்தார். கேட்பவருக்கு ஏற்ற மொழியைத் தேடுவதும் அன்பே என்பதற்கு இது சான்று.

1622-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் லியோன் நகரில் இறைவனடி சேர்ந்தார். 1665-இல் புனிதராகவும், 1877-இல் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். 1923-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்களின் பாதுகாவலராக்கினார்.

இன்று செய்தி எழுதுபவரும், திரைக்கதை அமைப்பவரும், விளம்பர வாசகம் தீட்டுபவரும், மறையுரை தயாரிக்கும் குருக்களாகிய நாமும் ஒரே பணியைத்தான் செய்கிறோம். ஒரு தலைப்புக்காக ஒருவரைத் திருடன் என்கிறோம். வழக்கில் அவர் விடுதலையானாலும் அச்சொல் அவருடைய பிள்ளைகளைப் பள்ளிவரை துரத்துகிறது. ஒரு சிரிப்புக்காக உடற்குறையைக் கேலிப்பெயராக்குகிறோம். உண்மையை மறைக்கும்படி சலேசியார் நம்மைக் கேட்கவில்லை. எழுதியதை அனுப்புமுன், அதில் குறிப்பிடப்பட்டவர் நம் எதிரே அமர்ந்து அதை வாசிப்பதாக எண்ணிப் பார்ப்போம். அவர் முகம் பார்த்துச் சொல்லக்கூடிய உண்மையாக அது இருந்தால் அனுப்புவோம். இல்லையென்றால் வேறு சொல் தேடுவோம். அதற்கான பொறுமையை இறைவனிடம் கேட்போம்.